பாலேஸ்வரியின் தொழில்: இல்லை

மானிப்பாயில் எங்கள் பக்கத்தில் பாலேஸ்வரியின் இடியப்பத்தைச் சாப்பிடாத வீடு குறைவு. அவர் இடியப்பம் அவித்து விற்கிறார் என்று வாய்விட்டுச் சொன்ன வீடு அதைவிடக் குறைவு.

பன்னிரண்டு வருடமாக, பின்னேரம் நான்கு மணிக்கு அவருடைய கணவர் நடராசா சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு படலையால் வெளியே வருவார். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணி. எதிரே வருபவர், "என்ன, கோயிலடிக்கோ?" என்பார். "ஓம், அந்தப் பக்கந்தான்," என்பார் நடராசா. அது பொய்யில்லை. முருகேசுவின் சாப்பாட்டுக் கடைக்குக் கோயிலைத் தாண்டித்தான் போகவேண்டும். கேட்ட மனிதரே இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே இருபது இடியப்பம் கட்டித் தரச் சொல்லி நிற்பார்.

பாலேஸ்வரி பிறந்த வீட்டில், 'சமைச்சு வித்த குடும்பம்' என்பது ஒரு வசை. நடராசாவின் முதுகு தோட்டவேலைக்கு உதவாமல் போனபோது அவர் அடுப்பை மூட்டினார். கூடவே அதை மூடத் துணியையும் தேடிக்கொண்டார். ஊரும் ஒத்துழைத்தது. ஒருவரின் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவரின் உழைப்பை இல்லாமல் ஆக்கிவிடுவது எங்களுக்குக் கைவந்த மரியாதை.

கிராம அலுவலர் உதயகலா வீட்டுப் பதிவைப் புதுப்பிக்க வரும்போதெல்லாம், "அன்ரி, தொழில்?" என்று கேட்பார். மாவில் நனைந்த கையைச் சேலையில் துடைத்தபடி பாலேஸ்வரி சொல்வார்: "நான் சும்மாதானே பிள்ளை வீட்டிலை இருக்கிறன்."

2021 வைகாசியில் கொரோனாப் பயணத்தடை வந்தது. கடைகள் சாப்பாட்டைப் பார்சலாக மட்டும் கொடுக்கலாம். கடைக்குப் பொருள் கொண்டுபோகிறவர்களுக்குப் பாஸ் வேண்டும். பதிவில் தொழில் இருப்பவர்களுக்கே பாஸ். முதல் நாளே சந்தியில் பொலிஸ் நடராசாவைத் திருப்பி அனுப்பியது. அன்றைக்கு அவித்த முந்நூறு இடியப்பமும் மாட்டுக்குப் போயின.

முருகேசு தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கதைத்தார். "தங்கச்சி, ஞாயிறு வரைக்கும் பாப்பன். பிறகு டவுணிலை மெசினிலை பிழியிற ஆளிட்டைத்தான் சொல்லவேணும். அவன் ஒருக்கா வந்திட்டான் எண்டால் பிறகு மாத்த ஏலாது."

அடுத்த நாள் காலை பாலேஸ்வரி உதயகலாவிடம் போனார். உதயகலா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு இடத்தில் ஒரே கையெழுத்து: தொழில் — இல்லை.

"உங்கடை வாயாலை சொன்னதுதானே அன்ரி."

"உமக்குத் தெரியாதே பிள்ளை? நீரும் முருகேசு கடையிலை வாங்கிறனீர்தானே?"

"தெரியும். தெரிஞ்சதை எழுத ஏலாது, சொன்னதைத்தான் எழுதலாம். இப்ப மாத்திறதெண்டால் ஆரும் சாட்சி வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு உதயகலா சொன்னார்: "நாளைக்கு வாசிகசாலையிலை கூட்டம். சின்னத் தொழில்களைக் காப்பாத்த என்ன செய்யலாமெண்டு மேலை கேட்டிருக்கினம். வந்து சொல்லுங்கோ. சபையிலை சொன்னால் எனக்கு அது போதும்."

சபையில் சொல்வதுதான் பாலேஸ்வரிக்கு முடியாத காரியம். வியாபாரிகள் சங்கத் தலைவர் அருளம்பலம் அவருடைய பெரியப்பாவின் மகன்.

வாசிகசாலை முற்றத்தில் கதிரைகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. பதினைந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. அருளம்பலம் முகக்கவசத்தை நாடிக்கு இழுத்துவிட்டு வாசித்தார்: கடன் தவணையை ஆறு மாதம் தள்ளவேண்டும், சந்தைக் கடைகளின் வாடகையை விடவேண்டும், மின்சாரக் கட்டணத்தைப் பகுதி பகுதியாகக் கட்ட விடவேண்டும். எல்லாம் நியாயமானவை. கடனுக்கு வங்கியும் வாடகைக்குக் கடையும் உள்ளவர்களுக்கு நியாயமானவை.

"வேறை ஆரும்?"

பாலேஸ்வரி எழும்பினார்.

"என்ன பாலேசு, நீ எந்தக் கடைக்கு முதலாளி?" என்றார் அருளம்பலம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அண்ணை, முந்தநாளுக்கு முதல் நாள் முருகேசண்ணை கடையிலை இடியப்பம் வாங்கினீங்களோ?"

"வாங்கினனான். அதுக்கென்ன?"

"ஆர் பிழிஞ்சது?"

அருளம்பலம் கவசத்தை மூக்குவரை ஏற்றினார். பின்வரிசையிலிருந்து முருகேசு குரல் கொடுத்தார்: "அவருக்குத் தெரியும். பால்ச்சொதியைக் கூட ஊத்து, பாலேசின்ரை இடியப்பம் சொதியை நல்லா இழுக்கும் எண்டு எனக்குப் படிப்பிச்சதே அவர்தான்." இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. "என்னைப்போலை பேர்ப்பலகை மாட்டாத ஆக்கள் இருக்கினம். பதிவு கேட்டால் எங்களிட்டை இல்லை. ஆனால் வாங்கித் தின்னுற சனம் இருக்கு. வாங்கிற ரெண்டு பேர் கையெழுத்து வைச்சால் அதைப் பதிவா எடுக்கவேணும். அதை எழுதுங்கோ."

அருளம்பலம் எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல், தணிந்த குரலில், "உதாரணத்துக்கு ஒரு ஆள் வேணும். பேர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பப் பெண் எண்டு போடுறன். எங்கடை ஆக்களை யோசி," என்றார்.

"யோசிச்சுத்தான் அண்ணை பன்னிரண்டு வருசம் போனது. என்ரை பேரைப் போடுங்கோ. தொழில், இடியப்பம் அவிக்கிறது."

இதைத் துணிவு என்று எழுத எனக்குத் தயக்கம். அன்றைக்கு வியாழக்கிழமை, ஞாயிறு கிட்ட இருந்தது. வேறு வழி இருந்திருந்தால் அவர் எழும்பியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் வேறு வழியில்லாத இன்னும் சிலர் அந்த முற்றத்தில் இருந்தார்கள், அவர்கள் எழும்பவில்லை.

சாட்சிக் கையெழுத்து இரண்டில் முதலாவதை முருகேசு வைத்தார். இரண்டாவதுக்குப் பேனை சுற்றி வந்து அருளம்பலத்திடம் நின்றது. அவர் அதைக் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு கையெழுத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த முன்மொழிவு மேலே போய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. பதில் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் ஒரு சொல்லை வெட்டி எழுதும் அதிகாரம் உதயகலாவிடம் இருந்தது. சனிக்கிழமை பாஸ் கிடைத்தது.

அன்று பின்னேரம் சந்தியில் பொலிஸ்காரர் பாஸைப் பார்த்துவிட்டு, துணியைக் காட்டி, "என்ன உள்ளே?" என்று உடைந்த தமிழில் கேட்டார். நடராசா துணியை விலக்கினார். தட்டுத் தட்டாக இடியப்பம், ஆவி இன்னும் அடங்கவில்லை. பொலிஸ்காரர் தலையசைத்தார். திரும்ப மூடுவதற்கு எடுத்த துணியை நடராசா கொஞ்சம் பார்த்தார். தூசி விழும் என்பதால் மூடினார்.

எதிரே வந்தவர், "என்ன, கோயிலடிக்கோ?" என்றார்.

"இல்லை. முருகேசுவுக்கு இடியப்பம் கொண்டுபோறன்."

அடுத்த கிழமை உதயகலாவின் அலுவலக வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருவர் மிக்சர் போடுகிறவர், மற்றவர்கள் சட்டை தைக்கிறவர்கள். பதிவேட்டில் மூன்று பேரின் பெயருக்கு நேரேயும் 'இல்லை' என்றே எழுதியிருந்தது. உதயகலா பேனையைத் திறந்தார்.