சஹன் சாப்பாடும் கணவாய்க் கறியும்

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு எங்கள் வர்த்தகர் சங்கம் ஒரு விழா நடத்தியது. 'சிறு வணிகர் தினம்' என்று பெயர். கற்பிட்டியில் ஒரு பாடசாலை மைதானத்தில் கூடாரம், கலர் கொடி, ஒலிபெருக்கி, பேனர்… ஒன்றிலும் குறைவில்லை. பேனரில் சங்கத் தலைவரின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. செயலாளரின் படம் மூலையில் முத்திரை அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செயலாளர் அடியேன்தான்.

விழா பெரிய வெற்றி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேஸ்புக்கிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எனக்கு மட்டும் அன்றைய மத்தியானத்தை நினைத்தால் இன்னும் முகம் சுடுகிறது. உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறும். வாராவாரம் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள்தானே நீங்கள்?

சங்கத்தால் சின்னக் கடைக்காரனுக்கு என்ன பிரயோசனம்? இதை என்னிடம் கேட்காத ஆள் எங்கள் பஜாரில் இல்லை. நானும் போட்டோகொப்பிக் கடை நடத்துகிற சின்ன ஆள்தான். சந்தா கட்டுகிறோம், கூட்டத்துக்குப் போகிறோம், பிளேன்டீ குடிக்கிறோம். பெரிய கடைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். வருடத்தில் ஒரு நாள் மேடை போட்டால் மாலை யார் கழுத்தில் விழும்? அதையும் நான் சொல்ல வேண்டுமா?

இந்த முறையாவது சின்ன ஆட்களுக்கு ஏதாவது செய்வோம் என்று நான்தான் கமிட்டியில் குதித்தேன். மைதானத்தில் இருபது ஸ்டோல் கடைகள், வாடகை இல்லை. ஹபாயா தைக்கிறவர், போன் கவர் விற்கிறவர், வெங்காயமும் மிளகாயும் கொண்டுவருகிற தோட்டக்காரர் என்று பெயர்கள் சேர்ந்தன. ஒரு பெயரை மட்டும் நானே வீடு தேடிப் போய் எழுதி வந்தேன். அது ஜெசிந்தா அக்கா.

அக்காவின் சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம். சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து எத்தாளைக்கு வந்தவர். சண்டை முடிந்து பலர் திரும்பிப் போனபோதும் அவர் போகவில்லை. கருவாட்டு வாடியில் மீன் வெட்டிக் காயப்போடுகிற வேலையில் வருடக் கணக்காக நின்றவர். இந்த வருடம்தான் துணிந்து அந்த வேலையை விட்டுவிட்டு, பஜாரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் எடுத்தார். வாடியில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடை ஓடாவிட்டால் திரும்பிப் போக ஒரு இடமும் கிடையாது.

அவருடைய சமையல் அருமை. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்கள் அவருடைய கடைக்குள் வந்து சாப்பிடுவார்களா?

மறைப்பானேன்… எங்களிடம் ஒரு தயக்கம் உண்டு. பகை இல்லை. அவரோடு கதைப்போம், சிரிப்போம், பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவோம். அவர் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அனுப்புவார். ஆனால் வேறு மார்க்கத்தவர் சமைக்கிற கடையில் உட்கார்ந்து கை நனைப்பதென்றால், "நீங்க போங்க, நான் வீட்டில சாப்பிட்டுட்டன்" என்று நழுவிவிடுவோம். அக்காவுக்கு இது தெரியும். அதனால் இறைச்சியே குசினிக்குள் எடுப்பதில்லை, கடல் சாமான் மட்டும்தான். சிலர் நண்டு சாப்பிட மாட்டார்கள் என்று நான் சொன்னதும், அவருடைய கைராசிக் கறியான நண்டையும் விட்டுவிட்டார். விழாவுக்குக் கணவாய்க் கறி, இடியப்பம், சொதி. ஊர் ஒரு தரம் ருசி பார்த்தால் போதும், அடுத்த புதன்கிழமை கடையைத் திறந்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

இனித்தான் என் கெட்டித்தனம் வருகிறது.

கடைசிக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஹார்ட்வெயர் கடைக்காரர், நல்ல மனுசன், ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்றார். ஏற்பாடு ஒன்றும் இல்லை என்றோம். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஊரக் கூப்பிட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்பேலுமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. கலியாணமோ, கந்தூரியோ, வீடு குடிபுகுதலோ, ஊர் கூடினால் சஹன் வைக்க வேண்டும். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சிக் கறியும் கத்தரிக்காயும் அச்சாறும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது. அதற்குச் சம்மதமா என்று ஹாஜியார் கேட்டார். முதலில் தூக்கிய கை யாருடையது? என்னுடையதுதான்.

சாப்பாடு விற்கிறவருக்கு ஸ்டோல் கொடுத்துவிட்டு, அதே மைதானத்தில் ஊருக்கே இலவசச் சோறு! அந்த அறையில் இருந்த எல்லோருமே வியாபாரிகள். ஒருவருக்காவது மண்டையில் தட்டவில்லை. உபசரிப்பு என்று வந்துவிட்டால் எங்களுக்கு வியாபாரம் மறந்துபோய்விடுகிறது.

விழாவன்று காலை வியாபாரம் சுமாராக நடந்தது. மத்தியான ழுஹர் தொழுகை முடிந்தது, மைதானத்தில் பாய் விரித்தார்கள். ஆண்கள் வெளியே, பெண்கள் பாடசாலை மண்டபத்துக்குள். நான் ஓடி ஓடி ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு, தற்செயலாக ஸ்டோல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஜெசிந்தா அக்கா வெள்ளை ஏப்ரனோடு தனியாக நின்றார். முன்னால் மூடி திறக்காத இரண்டு பெரிய சட்டிகள், அடுக்கிய இடியப்பம். ஒரு பார்சல்கூட எடுபடவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரோ என்னைக் கண்டதும் சிரித்தார். வெட்கத்தில் அப்படியே பேனருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

கிட்டப் போய், மொத்தத்தையும் சங்கமே வாங்கிக்கொள்ளும், நான் ஹாஜியாரிடம் பேசுகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி," என்றார். "இரக்கப்பட்டு வாங்கிற சாப்பாட்ட ஆரும் ருசி பாத்துச் சாப்பிட மாட்டினம். புதன்கிழமை கடைக்கு வாறதுக்கு அது உதவாது."

திரும்பிப் போய் என் சஹனில் உட்கார்ந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் காணவில்லை. மண்டபத்துக்குள் இருந்த என் மனைவி சொன்னதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் விருந்துகளில் கறி முதலில் ஆண்கள் பக்கம்தான் போகும். பெண்கள் பக்கம் போகும்போது வாளி அடி தட்டும். அன்றும் அதே கதை. மண்டபத்தில் சஹன் சஹனாகச் சோறு இருக்கிறது, கறி வரவில்லை. பெண்கள் கத்தரிக்காயை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோல் மண்டபக் கதவுக்கு நேரே இருந்ததால் ஜெசிந்தா அக்கா இதைப் பார்த்திருக்கிறார். ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கறி காணுமா, போதுமா என்று ஒவ்வொரு சஹனாகக் கேட்டிருக்கிறார். யாரும் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேடி வந்தவர் கையில் கறியோடு குனிந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு வாய் வருமா? அவர் சோற்று மேட்டின் நடுவில் ஒரு அகப்பை கணவாய்க் கறியை ஊற்றிவிட்டு அடுத்த சஹனுக்குப் போனார்.

தனித் தட்டு என்றால் ஓரமாக ஒதுக்கிவைத்துவிடலாம். சஹனில் அதெப்படி? நடுவில் ஊற்றிய குழம்பு ஆறு பக்கமும் இறங்குகிறது. முதலில் பசி தாங்காத ஒருவர் கை வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தானும் வைத்தார். என் மனைவியின் சஹனில் ஹாஜியாரின் மனைவியும் இருந்தார். கடைச் சாப்பாடு என்றாலே முகம் சுளிக்கிறவர். அவர் நடுவில் கிடந்த பெரிய துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. அந்தத் துண்டில் அவளும் கண் வைத்திருந்தாளாம்.

சற்று நேரத்தில் மனைவியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஸ்டோலில் மற்றச் சட்டி இருக்கிறதாம், உடனே போய் இராச் சாப்பாட்டுக்கு இரண்டு பார்சல் எடுத்து வைக்க வேண்டுமாம். எனக்கு மட்டும்தான் போன் என்று நினைத்தேன். எழும்பிப் பார்த்தால் நாலைந்து பேர் வயிறு முட்டச் சாப்பிட்ட களைப்போடு அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. இடியப்பம் பாதி மிஞ்சியது.

கடை சொன்ன புதன்கிழமையே திறந்தது. முதல் நாள் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மிகக் குறைவு, அதில் நானும் என் மனைவியும் அடக்கம். இன்றைக்கும் மேசைகள் நிறைவதில்லை. ஆனால் மத்தியானப் பார்சல் போகிறது. வீட்டில் சொல்லியனுப்பினார்கள் என்று ஆண்கள் வந்து நிற்கிறார்கள். ஹாஜியாரின் ஹார்ட்வெயர் கடைக்கும் போகிறது.

அவ்வளவு பேனரும் பேச்சும் அந்தக் கடைக்கு என்ன செய்தன? ஒன்றுமில்லை. ஆனால் அன்று ஊர் கூடாமல் இருந்திருந்தால், அந்தப் பெண்களையும் அந்தச் சட்டியையும் யார் ஒரே மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள்? சங்கத்தைத் திட்டுகிறவர்களுக்கு இனி என்னால் முழுசாகத் தலையாட்ட முடியாது.

போன வெள்ளி மீளாய்வுக் கூட்டம் நடந்தது. நான் என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஹாஜியாருக்கும் மனம் உறுத்தியிருக்கிறது. அடுத்த வருடம் இலவசச் சாப்பாடு கிடையாது, பசித்தவர்கள் ஸ்டோலில் வாங்கட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் சரி என்கிற நேரம், புது உறுப்பினராகக் கடைசிக் கதிரையில் இருந்த ஜெசிந்தா அக்கா எழும்பினார்.

"சோத்த நிப்பாட்டாதேங்கோ ஹாஜியார். அந்தச் சஹனில விழாட்டி என்ட கறிய இந்த ஊரில ஆரும் தொட்டிருக்க மாட்டினம். சோத்த நீங்களே போடுங்கோ. கறிய என்னட்ட எடுங்கோ… காசுக்கு."

கூட்ட அறிக்கையில் அப்படியே எழுதிக்கொண்டேன். கடைசிச் சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டேன்.