கோழி எப்படி இருந்தது?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் பச்சைமுத்து பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தார். சண்டை போடத் தெரியாத கண்டக்டர் என்று பெயர். தோளுக்கு வளர்ந்த பிள்ளைக்கும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழித்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே ஆசை கோழிக் குழம்பு. மதியம் திண்டிவனத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும்போது துரைக்கண்ணுவின் மிலிட்டரி ஓட்டலில்தான் சாப்பாடு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். விக்கிரவாண்டியில் ஒரு கோழி வியாபாரி எட்டுக் கோழிகளைக் காலோடு கால் சேர்த்துக் கட்டி, கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். வழியில் டிரைவர் பிரேக் போட்டபோது இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முட்டை உருண்டு வந்து பச்சைமுத்துவின் காலில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"ஏங்க, கால கட்டிப் போட்டிருக்கு. இப்படிக் கெடந்துக்கினு எப்படிங்க முட்ட வுடுது?"

"அதுக்கு நேரம் வந்துடுச்சி, வுட்டுடுச்சி. நீங்களே வச்சிக்குங்க" என்றார் வியாபாரி.

முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திண்டிவனத்தில் அந்த எட்டுக் கோழிகளும் துரைக்கண்ணு ஓட்டலின் பின்வாசல் வழியாக உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு முன்வாசல் வழியாக அவரும் போய் உட்கார்ந்து, வழக்கம்போலச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர் கல்லாவின் முன்னால் நின்றார்.

"மொதலாளி, கோழி எப்படி இருந்துது?"

துரைக்கண்ணு சிரித்தார். "தின்னது நீ. நீதான்யா சொல்லணும்."

"அது இல்லீங்க. அறுக்கறதுக்கு முன்னால எப்படி இருந்துது? கட்ட அவுத்து வுட்டாங்களா? தண்ணி கிண்ணி வச்சாங்களா?"

துரைக்கண்ணுவின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நோவு வந்த கோழின்னு எவனாவது சொன்னானா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"தெரியலீங்க. கேக்கணும்னு தோணுச்சி."

அன்றோடு முடிந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் எதிரே இருந்த ஓட்டல்களிலும் கேட்டார். ஒரு கடையில் அவரை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்து டீ கொடுத்து உபசரித்தார்கள். இன்னொரு கடையில், "மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு இருக்கியா? அப்ப கவுச்சிய வுட்டுட வேண்டியதுதானே" என்றார்கள். வேண்டுதல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அங்கேயே கோழி பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சைமுத்துவுக்கும் அப்படித்தான்.

டிரைவர் அந்தோணிசாமி ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"முத்து, கடக்காரன் 'தண்ணி வச்சேன்'னு சொன்னா நீ இன்னா பண்ணுவ?"

"தின்னுவேன் அண்ணே."

"வைக்கலன்னு சொன்னா?"

பச்சைமுத்து டிக்கெட் கிழிக்கப் பின்னால் போனார். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது. "அப்பவும் தின்னுவேன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

பச்சைமுத்து அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊதினார். அவர் மனைவி கிருஷ்ணவேணி, எவர் கண்ணேறோ பட்டுத்தான் இப்படிப் பேசுகிறார் என்று மயிலத்தில் கயிறு மந்திரித்து வாங்கி வந்து அவர் கையில் கட்டினாள். கயிற்றோடும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அறுபத்தொன்றில், கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் செண்பகம் என்கிற அம்மாள் கீற்றுக்கொட்டகை போட்டு ஒரு சின்ன ஓட்டல் வைத்தாள். காலை நடையில் பஸ் நின்றபோது பச்சைமுத்து அங்கேயும் கேட்டார். செண்பகம் ஆச்சரியப்படவில்லை.

"உள்ள வந்து பாரு தம்பி."

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாய் அகன்ற சட்டியில் தண்ணீர் இருந்தது. அவள் ஒரு கை கேப்பையை வீசிக் கூப்பிட்டதும் எல்லாம் ஓடிவந்தன. செவலைக் கோழி ஒன்று அவள் காலருகிலேயே வந்து நின்றது. குனிந்து அதைத் தூக்கி, முதுகைத் தடவிக்கொண்டே சமையற்கட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இதத்தான் இன்னிக்கு ஒனக்குப் போடப்போறேன்."

இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்விக்கு முதன்முதலாகச் சரியான பதில் கிடைத்திருந்தது. ஆனால் மதியம் சாப்பாட்டுக்கு அந்தோணிசாமி பஸ்ஸை அங்கேயே நிறுத்த, இலையில் சோறு விழுந்ததும் பச்சைமுத்துவுக்குக் கை ஓடவில்லை.

"அக்கா, அது கூப்ட ஒடனே வந்துதே."

"வளத்தவ கூப்டா வராதா?"

"அதான் அக்கா, மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது."

"தொரத்திப் புடிச்சிருந்தா தேவலையா ஒனக்கு?"

பாதி சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாளும் அங்கேதான் போனார். போகப்போக முழுதாகச் சாப்பிடவும் பழகிக்கொண்டார். பஸ்ஸில் வருகிறவர்களிடமும் சொன்னார்: "கோழி திங்கறதுன்னா செண்பகம் கடையில தின்னுங்க. அங்க நல்லா வச்சிக்கினு இருக்காங்க." மற்ற பஸ்காரர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். இரண்டே வருஷத்தில் கீற்றுக்கொட்டகைக்கு ஓடு போட்டாயிற்று, ஆறு மேசை, வாசலில் பெயர்ப்பலகை.

அறுபத்துமூன்றில் ஒரு காலை, விக்கிரவாண்டியில் அதே வியாபாரி நான்கு கட்டுக் கோழிகளை ஏற்றினார். எங்கே இறக்க வேண்டும் என்று பச்சைமுத்து கேட்டார்.

"கூட்டேரிப்பட்டு. செண்பகம் ஓட்டலு."

பஸ் நின்றதும் கட்டுகளோடு பச்சைமுத்துவும் இறங்கிப் போனார். "அக்கா, இது இன்னா அக்கா?"

செண்பகம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள். "கொல்லையில பன்னண்டு கோழிய வச்சிக்கினு நூறு பேருக்கு எப்படிப் போடறது? நீதான சனங்கள அனுப்பின."

"அனுப்பாம இருந்திருக்கணுமா?"

"அத ஏன் என்னக் கேக்கற? கட்ட வேணும்னா நீயே அவுத்து வுடு. எனக்கு வேல கெடக்கு."

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவிழ்த்த பிறகும் கோழிகள் எழுந்திருக்கவில்லை. கால் மரத்து, போட்ட இடத்திலேயே கிடந்தன. ஒன்றாவது எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார். ரோட்டில் அந்தோணிசாமி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு காலைக் கட்டிய கோழியைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றும், கூடையில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றும் அவரே ஒரு சட்டம் போட்டார். அது பதினோரு நாள் நடந்தது. வியாபாரிகள் எல்லாரும் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பஸ் முதலாளி கூப்பிட்டு, "யாரு சொல்லி இப்படிப் பண்ற?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றார் பச்சைமுத்து. முதலாளி அவரைக் கூட்டேரிப்பட்டுப் பக்கமே வராத கண்டாச்சிபுரம் தடத்துக்கு மாற்றினார்.

கண்டாச்சிபுரத்துக்கு வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போனார். கோழியை விட்டுவிட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். தின்கிறீர்களா என்று கேட்டால் அதற்கும் பதில் இழுபறியாகத்தான் வரும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் இலையில் வைத்தால் சில நாள் சாப்பிடுவார், சில நாள் ஒதுக்கி வைத்துவிடுவார்.

அறுபத்தாறில் அந்தோணிசாமியை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார்.

"செண்பகம் ஒன்ன விசாரிச்சுது முத்து. கோழி வந்து எறங்கினா ஜல்தியா கட்ட அவுத்துத் தண்ணி வைக்கறதுக்குன்னே முனியம்மான்னு ஒரு பொம்பள ஆள வச்சிருக்குது. ஒரு நாளாவது கொல்லையில மேஞ்சப்புறம்தான் அறுக்குதாம். இப்ப ஒனக்குத் திருப்திதான?"

பச்சைமுத்து விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அவருக்கும் தெரிந்தது.

"ஒரு நாளு போதுமா அண்ணே?"

"என்னக் கேட்டா?"

"எனக்கும் தெரியல" என்றார் பச்சைமுத்து. கண்டாச்சிபுரம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். உள்ளே ஒருவர் சில்லறையை நீட்டிக்கொண்டு, இரண்டு தடவை ஊர்ப் பேரைச் சொன்ன பிறகுதான் அவர் டிக்கெட் கிழித்தார்.