வேட்பாளர்கள் வராத கூட்டம்

க்ளப் அறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த வேட்பாளர் அறிமுகக் கூட்டத்துக்கு, மாடி வீடு கட்டி விற்கும் ப்ரோமோட்டர் வந்திருந்தார், மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார், மீன் மொத்த வியாபாரி வந்திருந்தார். அவர்களுடைய மனைவிகள் வரவில்லை. நகராட்சித் தேர்தலில் நிற்பவர்கள் அந்த மூன்று மனைவிகள்தான். நான்காவது வேட்பாளரான என் அம்மா வந்திருந்தாள், துணைக்கு நான். அப்பா வரவில்லை.

க்ளப் செயலாளர் வாசலில் நின்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தாதா எங்க, பௌதி?" தாதா என்றால் வங்காள மொழியில் அண்ணன், பௌதி அண்ணி. அவர் கேட்டது அப்பாவை.

"ஆட்டோ ஓட்டப் போயிருக்காரு."

"அப்போ பேசப்போறது யாரு? பையனா?"

"நிக்கறது நானு. பேசறதும் நான்தான்."

"நிக்கறது நீங்கன்னு தெரியும், பேப்பர்ல இருக்கே" என்றார் அவர், பொறுமையாக. பிறகு அப்பாவுக்காகப் போட்டு வைத்திருந்த கைவைத்த நாற்காலியை எடுத்துவிட்டு அம்மாவுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா ஸ்டூல் வரும்வரை காத்திருக்கவில்லை. எடுத்த நாற்காலி சுவரோரம் சும்மாதான் இருந்தது. அதையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாங்கள் இருப்பது கார்டன் ரீச்சைத் தாண்டி. கல்கத்தா முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மறுபடி தொடங்கும் ஒரு சின்ன நகராட்சி. வீட்டுக்குள் எங்களுக்குத் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் சந்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் வரிசையாகக் குளங்கள் இருந்தன. இப்போது அந்த இடத்தில் ஐந்து மாடி வீடுகள், கீழே ஏடிஎம், பிரியாணிக் கடை. மழைத் தண்ணீருக்கு இந்த மாற்றமெல்லாம் தெரியாது. பழைய இடத்தைத் தேடி வந்து, அங்கே இடமில்லை என்று எங்கள் வீடுகளுக்குள் நுழைந்துவிடும்.

அம்மாவுக்கு காஜா எடுத்துப் பட்டன் வைக்கும் வேலை. கார்டன் ரீச் தையல் பட்டறைகளிலிருந்து குழந்தைகளின் சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். அம்மா அவற்றைச் சந்துப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தானும் தைத்து, திரும்ப எண்ணி அனுப்புவாள். மழையில் ஒரு மூட்டை நனைந்தால் பட்டறைக்காரர் கூலியில் பிடித்துக்கொள்வார். போன மழைக்காலத்தில் பாதி வீடுகளில் நனைந்தது. சாக்கடைத் தண்ணீர் பட்ட துணியைத் துவைத்தாலும் அந்த வாடை போகாது. அம்மா வார்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்: "வீட்டுக்காரர அனுப்புங்க பௌதி, பேசிக்கலாம்." அப்பா போனார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் போனார்.

அதற்கப்புறம்தான் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இந்த தபா பொம்பளதான் நிக்கணுமாமே?"

"ஆமா" என்றேன்.

"அப்ப ஆபீசுல புருஷன அனுப்புன்னு சொல்ல மாட்டாங்க இல்ல?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் பயம் வர நியாயம் இருந்தது. இங்கே ஆட்டோவெல்லாம் லைன் கணக்கு. ஸ்டாண்டில் வரிசையாக நின்று, முறை வரும்போது ஆள் ஏற்றி, அதே தடத்தில் போய் வரவேண்டும். முறையைக் கூப்பிடுவது யூனியன். எங்கள் ஸ்டாண்டு யூனியனுக்குத் தலைவர் ப்ரோமோட்டர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் தேர்தல் ஏஜென்ட் பதவி எனக்குப் போட்டியின்றிக் கிடைத்தது. மனுவை நிரப்பினேன், சந்துப் பெண் ஒருத்தியை முன்மொழிய வைத்தேன், வரிசையில் நின்றேன். சுயேச்சைக்கு மீதி இருந்த சின்னங்களில் அம்மா வாளியைக் காட்டினாள். சந்தில் அம்மாவை மாஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுபவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "மாஷி, வாளியால மொண்டு ஊத்தப்போறியா?" "ஏன், இத்தன வருஷமா வேற எதால ஊத்தினே நீ?" என்றாள் அம்மா.

க்ளப் கூட்டத்தில் மூன்று ஆண்களும் பேசினார்கள். மூவரும் பம்ப் செட் வரும் என்றார்கள். மீன் வியாபாரி அது சாங்ஷனே ஆகிவிட்டது என்றார். மருந்துக்கடைக்காரர் அதைச் சாங்ஷன் பண்ண வைத்ததே தான்தான் என்றார். ப்ரோமோட்டர் கடைசியாக எழுந்து, பேசத் தெரிந்தவர் ஆகையால், பம்ப் செட்டைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னார், மீதி நேரம் பாடாவின், எங்கள் பேட்டையின், ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். நானே கைதட்டினேன்.

அம்மாவின் முறை வந்தது. எழுதிக் கொடுத்த தாளை அவள் படிக்க முடியாது என்பதால், முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து வாய்ப்பாடமாகத் தயார் செய்திருந்தோம். அவள் அதைத் தொடங்கினாள், இரண்டு வாக்கியம் சொன்னாள், பிறகு முன்வரிசையைப் பார்த்து நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஜெயிச்சா உங்க வீட்டுப் பொம்பளைங்க ஆபீசுக்கு வந்து உக்காருவாங்களா?"

மருந்துக்கடைக்காரர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். மீன் வியாபாரி, "அவளுக்கு வீட்டு வேலை இருக்கே, பௌதி" என்றார்.

"எனக்கும்தான் இருக்கு."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. "வியாழக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு அவங்க மூணு பேரும் வரட்டும். நிக்கறவங்க நாலு பேரும் பேசிக்கறோம். நீங்க யாரும் வரவேணாம்."

"நாங்க வெளிய செருப்பப் பாத்துக்கறோம்" என்றார் ப்ரோமோட்டர்.

"பாத்துக்குங்க. டீ அனுப்பறேன்."

அறை முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் திங்களும் செவ்வாயும் ஸ்டாண்டில் அப்பாவின் நம்பரைத் தாண்டிக் கூப்பிட்டார்கள். "கவுன்சிலர் புருஷனுக்கு எதுக்குப்பா ட்ரிப்பு" என்று ஒருவன் கேலி பேசியிருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கும்மே இதெல்லாம். மனுவ வாபஸ் வாங்கலாம்னா நாளும் தாண்டிப்போச்சு."

"லைன விட்டே எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல. தாண்டித் தாண்டிக் கூப்புடறானுங்க."

அம்மா சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நான் போய்க் கேக்கட்டுமா?"

"நீ வந்துடாத, தாயே" என்றார் அப்பா. பிறகு, "வியாழக்கிழமைக்கு டம்ளர் பத்தாது. பக்கத்து வூட்ல கேட்டு வாங்கியாரேன்" என்று எழுந்து போனார்.

வியாழக்கிழமை மூட்டைகளைக் கட்டில்மேல் அடுக்கி, தரையில் பாய் விரித்து, அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சந்துப் பெண்கள் ஏதோ வேலையாக வருவதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் வரவில்லை என்றால் க்ளப்பில் அடுத்த வருடம்வரை சொல்லிச் சிரிப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். முதலில் மருந்துக்கடைக்காரர் மனைவி வந்தார், பின்பக்க வழியாக, கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. மீன் வியாபாரியின் மனைவி மருமகளுடன் நேராக முன்வாசல் வழியே வந்து, "என் வீட்ல போகாதேன்னுதான் சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றார்.

டீ ஆறிப் போய் இரண்டாம் முறை போட்ட பிறகு ப்ரோமோட்டரின் மனைவி வந்தார். சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிளில் அவர்களுடைய ஆள் நின்றான். அவர் உள்ளே வரவில்லை.

"வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், தீதி" என்றார், அம்மாவை அக்கா முறை சொல்லி.

"உக்காந்து சொல்லுங்க" என்றாள் அம்மா.

உட்கார்ந்தார். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆண்கள் கூடாது என்று சொன்னது எனக்கும்தான். கதவு இல்லாததால் எல்லாம் கேட்டது. முதலில் தேர்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. மீன் வியாபாரியின் மனைவி பேனரில் தன் முகத்தைவிடக் கணவரின் முகம் பெரிதாக இருப்பதைச் சொன்னார். "எனக்குப் பரவால்ல" என்றார் ப்ரோமோட்டரின் மனைவி. "எனக்குக் கல்யாண ஆல்பத்துலேருந்து எடுத்துப் போட்டிருக்காங்க. என் சித்தியே அடையாளம் தெரியலன்னா." நால்வரும் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள்.

அம்மா கட்டில்மேல் இருந்த மூட்டையைக் காட்டி, போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மனைவி பம்ப் செட் என்று ஆரம்பித்தார். அப்போது ப்ரோமோட்டரின் மனைவி குறுக்கிட்டார்.

"பம்பு எதுக்கு? சாக்கடை எங்க அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்க?" என்றாள் அம்மா.

"எங்க புது பில்டிங்குக்குக் கீழதான். கார் நிறுத்த இடம் பத்தலன்னு வாய்க்கால் மேல ஸ்லாப் போட்டு மூடினாங்க. கொத்தனாருங்க மிச்சத்தையெல்லாம் அதுக்குள்ளேயே தள்ளினாங்க. நான் மாடிலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

வெளியே மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான். அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. தமிழில் எனக்கு மட்டும் கேட்க, "இன்னொரு டீ போடுறா" என்றாள். நான் போட்டேன். அன்று நால்வரும் ஒன்றே ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள்: யார் ஜெயித்தாலும் செவ்வாய்க்கிழமை தோறும் வார்டு அலுவலக நாற்காலியில் அவரே உட்காரவேண்டும், முதல் வேலை அந்த ஸ்லாப்பை எடுப்பது. எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

தேர்தலில் ப்ரோமோட்டரின் மனைவி ஜெயித்தார். அம்மாவின் ஓட்டு இருநூறைத் தொடவில்லை, டெபாசிட் போனது. எண்ணும் இடத்திலிருந்து வெளியே வந்ததும், "இருநூறுகூட வரலம்மா" என்றேன். அம்மா, "நம்ம சந்துல இருக்கறதே அவ்ளோ பேருதான்டா. எல்லாரும் போட்டிருக்காங்க" என்றாள். அவள் குரலில் பெருமையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை அம்மாவும் சந்துப் பெண்களும் வார்டு அலுவலகம் போனபோது நாற்காலியில் ப்ரோமோட்டர் இருந்தார்.

"சொல்லுங்க பௌதி, என்ன வேணும்?"

"கவுன்சிலர் வரட்டும்."

"எங்கிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதான்."

"பரவால்ல. உக்காந்திருக்கோம்."

பட்டன் வேலையைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். சாயங்காலம்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தைத்தார்கள். அடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாவது செவ்வாய் போனபோது கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கணவர் பக்கத்து ஸ்டூலில். "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி வெச்சுக்கிட்டு நான் படறபாடு" என்று அவர் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கவுன்சிலர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் அம்மாவிடம், "உள்ள வாங்க தீதி" என்றார்.

மழைக்கு முன் ஸ்லாப்பை உடைத்தார்கள். உள்ளேயிருந்து இரண்டு லாரி கல்லும் சிமென்ட் கட்டியும் வந்தன. இந்த வருடமும் தண்ணீர் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வாசற்படிவரை ஏறியது. நாங்கள் மூட்டைகளைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சாயங்காலத்துக்குள் சத்தம் போட்டுக்கொண்டு வடிந்துபோனது. ஒரு சட்டையும் நனையவில்லை.

அந்த வாரக் கூலி முழுசாக வந்ததும் சந்துப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேர்தல் செலவில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். அம்மா வேண்டாம் என்றாள். அவர்கள் விடவில்லை. "எங்களுக்கும் சேத்துத்தானே மாஷி நின்னே, எவ்ளோ ஆச்சுன்னாவது சொல்லு." அம்மா அப்பாவைப் பார்த்தாள். டெபாசிட், நோட்டீஸ், ஒரு நாள் மைக் வாடகை, டீத்தூள், பால் என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். ஸ்டாண்டில் தாண்டிக் கூப்பிட்ட ட்ரிப்புகளை அவர் அதில் சேர்க்கவில்லை. நான் ஞாபகப்படுத்த வாயெடுத்தேன், கையால் அமர்த்திவிட்டார். அதை விட்டுவிட்டுச் சொன்ன கணக்கு, ஒன்பதாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.