விழுந்த மாட்டுக்கு நான் சொன்ன தீர்ப்பு

விழுந்து கிடக்கும் மாட்டை ஒருமுறை பார்த்தாலே அது பிழைக்குமா சாகுமா என்று சொல்லும் கண் எனக்கு இருப்பதாகப் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கால்நடைப் பகுதியில் வெளிவேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். என்னிடம் ஆதாரம் இருந்தது. நான் "சரிவராது" என்று சொன்ன மாடு ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. சனம் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டது. நான் டொக்டர் இல்லை, தடுப்பூசி போடவும் மாட்டின் காதில் இலக்கத் தகடு கொழுவவும் போகிறவன். ஆனாலும் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

உண்மையில், மாடு விழுந்து கிடப்பதைக் கண்டாலே எனக்கு ஓடிவிடத் தோன்றும். கண் முன்னால் செத்துவிட்டால் சனம் என்னைப் பிடித்துக்கொள்ளுமே என்ற பயம். அதனால் முந்திக்கொண்டு நானே முடிவைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். ஒருமுறை கொப்பியில் "உடல் நடுக்கம் அதிகம்" என்று எழுதினேன். மாடு ஆடாமல்தான் கிடந்தது. நடுங்கியது அதைத் தொட்டுக்கொண்டிருந்த என் கை.

அந்த மாரியில் நாலு நாள் விடாத மழை, கூடவே குளிர்காற்று. வெளியில் நின்ற மாடுகள் விறைத்து விழுந்தன. முரசுமோட்டையில் மகேஸ்வரி அக்காவிடம் இருந்த இரண்டு மாட்டில் ஒன்று முதல் நாளே செத்துப்போனது. மற்றது கன்று போட்டு இரண்டு கிழமையான செவலை. அதன் பாலை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அதுவும் விழுந்துவிட்டது. நான் போய்க் காதைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. "அக்கா, இது சரிவராது. மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, செத்த மாடுகளின் பட்டியல் எடுக்க அலுவலகத்தில் சொன்னார்கள். செவலையை வழியிலேயே எழுதிவிட்டேன். படலையைத் திறந்தால், பட்டியலில் ஏழாவதாக இருந்த மாடு என்னைப் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

கீழே வைக்கோல் மெத்தை. சரிந்துவிடாமல் இருபக்கமும் வைக்கோல் அடைத்த உரப்பைகளால் முண்டு கொடுத்திருந்தது. மேலே ஒரு பழைய போர்வை. அக்கா பின்னங்காலை உருவிக்கொண்டிருந்தா.

"இன்னும் இருக்குதோ?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நீங்கள் சொன்னது மாட்டுக்குக் கேக்கேல்லைப்போல, தம்பி."

நான் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன கையோடு, அவா எங்கள் மாட்டு டொக்டர் மிஸ்ஸைப் போனில் பிடித்திருக்கிறா. மிஸ் வந்து கல்சியம் ஏற்றி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறா. அயலவர்கள் காலையும் மாலையும் வந்து, வயிற்றுக்குக் கீழே உரப்பையைக் கொடுத்துத் தூக்கிக் கொஞ்ச நேரம் காலை ஊன்றவைத்தார்கள். தண்ணீர் வாளி மட்டும் மாட்டின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் உத்தியோகத் தோரணையில் அதைக் கிட்ட நகர்த்தினேன். அக்கா திரும்பவும் தள்ளி வைத்தா. கழுத்தை நீட்டினால் எட்டுமாம், எட்டிப் பழகினால்தான் எழும்பப் பார்க்குமாம். நேற்று இதைவிடக் கிட்ட இருந்ததாம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுவாவாம்.

எழும்பும் என்று நம்புகிறாவா என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. மூண்டு மணிக்குப் புரட்டவேணும். அது தெரியும்" என்றா. பிறகு தலை நிமிராமலே சொன்னா: "பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையின்ர மாட்டுக்கும் சரிவராதெண்டுதான் சொன்னனீங்கள். நீங்கள் படலை தாண்ட முன்னம் அவர் தண்ணி வாளியை எடுத்துப்போட்டார். தண்ணி இல்லாமல் எது தம்பி பிழைக்கும்?"

நான் சாகும் என்றேன், சனம் நம்பியது, தீனும் தண்ணீரும் நின்றன, மாடு செத்தது. என் கண்ணின் கெட்டித்தனம் இவ்வளவுதான்.

மூன்று மணிக்கு நானும் புரட்டப் பிடித்தேன். சாணியில் சறுக்கிச் செவலைக்குப் பக்கத்திலேயே விழுந்தேன். இரண்டு பேரையும் தூக்க இங்கே ஆள் காணாது என்றா அக்கா.

அதற்குப் பிறகு தினமும் போனேன். விழுந்து ஆறாம் நாள் செவலை புல்லை மணந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பழைய "சரிவராது" சொல்ல வாய் திறந்தேன். "சரி" என்பதுவரை வாயில் வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டு, அடுத்து எப்போது புரட்டவேணும் என்று கேட்டேன். அக்கா முருங்கை இலை ஒடிக்கப் போனா. அதை இரண்டு வாய் தின்றது.

பிள்ளைகள், மாடு விழுந்த வீட்டுக்குப் போனால் முடிவு சொல்லாதீர்கள். டொக்டர் பார்த்துச் சொல்வது வேறு. நீங்கள் அடுத்த மூன்று மணித்தியாலத்துக்கு என்ன செய்யவேணும் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஒரு பக்கம் பிடியுங்கள். கந்தையா அண்ணையிடம் போய் என் பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

செவலை ஒன்பதாம் நாள் காலையில், ஒருவரும் தூக்காமல், பின்பக்கத்தை உயர்த்தித் தானாகவே எழும்பி நின்றது. கன்று ஓடிப்போய் முட்டிக் குடித்தது. நான் அப்போது அங்கே இல்லை. வலது பின்னங்கால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். இப்போது மறுபடியும் சினையாக நிற்கிறது.