அடுத்த வருடத்துப் பௌர்ணமி

இன்று காலை கைபேசியில் ஒரு செய்தி. பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிகின்றனவாம். படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏனோ பசை வாசம் அடித்தது. மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சிய, காலண்டர் அட்டை ஒட்டுகிற பசை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் சிவகாசி அச்சகம் ஒன்றில் தினசரி காலண்டர் தாள்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்குக்கு வெளியாக வேண்டும். அதனால் வைகாசியும் ஆனியும் எங்களுக்கு அடுத்த வருடம்தான். நடப்பு வருடத்தில் வீட்டுக்காரிகள் மட்டும் இருந்தார்கள்.

என் மனைவி தங்கத்துக்குக் கடல் உள்வாங்குவதைப் பார்க்க ஆசை. பௌதிகம் படித்த பெருமையில் நான் விளக்குவேன். நிலா தன் பக்கத்துத் தண்ணீரைக் கூடுதலாக இழுக்கிறது, எதிர்ப்பக்கத்துத் தண்ணீரைக் குறைவாக. அதனால் இரண்டு பக்கமும் கடல் புடைக்கிறது. பூமி சுழலச் சுழல ஒவ்வொரு கரையும் அந்தப் புடைப்புக்குள் போய் வெளியே வருகிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

“அப்ப நம்ம கேணித் தண்ணி ஏன் ஏற மாட்டேங்கு?”

“கேணி சின்னது. இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுப்புல வித்தியாசமே தெரியாது.”

“நிலாவுக்கும் பெரிய எடந்தான் கண்ணுக்குத் தெரியுது போல” என்றாள்.

ஓர் ஆனியில் பௌர்ணமித் தேதி குறித்து, லீவு சொல்லித் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலம் கரையில் நின்றோம். பாறை ஒன்றும் தெரியவில்லை. கிழக்கே நிலாவும் வரவில்லை. திரும்பினால், மேற்கே கோபுரத்துக்கு மேல் மெலிந்த பிறை. நான் குறித்தது அடுத்த வருடத்துத் தேதி.

தங்கம் கணுக்கால் தண்ணீரில் நின்று சிரித்தாள். “அடுத்த வருசத்து நிலாவக் காட்டவா கூட்டியாந்தீக?”

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“முந்தாநாளே மொட்டமாடில பிறையப் பாத்தேன். சொன்னா லீவ கேன்சல் பண்ணிருவீக. பாறை தெரியாட்டிப் போகுது, கடல் இருக்கும்ல. ராத்திரி தங்கிட்டுப் போவமா?”

நானும் சிரித்திருக்க வேண்டும். பிழை திருத்துகிறவனின் பிழையைப் பெண்டாட்டி கண்டுபிடித்ததுதான் பெரிதாகப் பட்டது. “போதும், கெளம்பு” என்று அதட்டி அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றினேன். சாத்தூர் வரை அவள் ஈரச் சேலையின் கரையைப் பிழிந்துகொண்டே வந்தாள். அதன்பின் கடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தக் கார்த்திகையிலேயே மஞ்சள் காமாலை கண்டு போய்விட்டாள்.

அச்சகம் இப்போது இல்லை. பசை காய்ச்சிய இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

நான் குறித்த தேதி மறு ஆனியில் பிழையில்லாமல் வந்தது. மொட்டை மாடியில் முழு நிலா. திருச்செந்தூரில் பாறைகள் தெரிந்திருக்கும். நான் முன்கூட்டியே படித்து முடித்த அந்த வருடத்துக்குள் அவள் வரவே இல்லை.