இருபத்தாறு பேருக்கு இனிப்பு

என் அத்தான் நருசே கான்ஜி முப்பத்தேழு வருடம் ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர். ஒரு நாள் தாமதம் கிடையாது, விடுப்பு என்று வாயைத் திறந்தது கிடையாது. அவருடைய கார் உரிமத்தில் தங்க நிறப் பட்டை இருக்கும். எங்கள் ஜப்பானில் வருடக்கணக்காக ஒரு தவறும் செய்யாதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஸ்டியரிங்கையே தொடாதவர் எங்கே போய்த் தவறு செய்வார்? எதையும் தொடாமலே நல்ல பெயர் வாங்குவதில் மனிதர் கெட்டிக்காரர்.

அவர் மனைவி, என் அக்கா மிட்சுவேக்கு ஐம்பத்தெட்டு வயதில் கண்ணில் கோளாறு வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். "பார்க்க ஆசைப்படுறதையெல்லாம் இப்பவே பார்த்துடுங்கம்மா" என்றும் சொன்னார். அக்காவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். அத்தானின் ஆபீசில் ஒரு வருடம் கொடுத்த காலண்டரில், செப்டம்பர் மாதத்துக்கு நகாசே முனையின் படம் இருந்தது. கறுத்த பாறை, வெள்ளைக் கலங்கரை விளக்கம், சுற்றிலும் கடல். அந்தத் தாளைக் கிழித்துப் பதினோரு வருடமாகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

நவம்பரில் அத்தான் மூன்று நாள் விடுப்பு கேட்டார். மேஜை மேஜையாகப் போய், தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கச் சொல்லித் தலை வணங்கிவிட்டு வந்தாராம். கார் ஓட்ட ஆள் வேண்டுமே, என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒகயாமாவில் ரயில் ஏறினோம். மலைகளுக்குள் வண்டி நுழைந்ததும் அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். பக்கவாட்டில் எதுவும் தெரியாததால், சிவந்த மேப்பிள் மரங்களை இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பித் திருப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் மடியில் நிமிடக் கணக்கில் போட்ட பயணத் திட்டத் தாள். மட்சுவே நகரில் இறங்கி வாடகைக்கார் எடுத்தோம். முதல் நாள் கோட்டை, இரண்டாம் நாள் ஏரி, மூன்றாம் நாள் காலை இசுமோ கோயில், மதியம் முனை. மாலை ஐந்தரைக்குக் கார் திரும்ப வேண்டும், ஆறு மணிக்கு ரயில்.

கோயில் தெருவில் ஒரு பழைய கடை. பயறு பூரணம் வைத்த இனிப்பு அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு ஆபீசுக்குள் நுழைகிற துணிச்சல் எங்கள் ஆட்களில் யாருக்கும் கிடையாது. தனித்தனியாகத் தாள் சுற்றிய இருபத்துநாலு அடங்கிய பெட்டி வாங்கினார் அத்தான். அதற்கே ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார்.

முனைக்குப் போகும் வழியில் பக்கத்து இருக்கையில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் திடீரென்று அலறினார்.

"ஐயையோ, போச்சு! ஏப்ரல்ல ரெண்டு பொண்ணுங்க புதுசா சேர்ந்தாங்களே. மறந்தே போனேன்."

"அந்த ரெண்டு பேருக்கும் ஸ்டேஷன்ல எதையாவது வாங்கிக்கலாம் அத்தான்" என்றேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு, அவங்களுக்கு மட்டும் வேற ஒண்ணா? அதுக்குக் கொடுக்காமலே இருந்துடலாம்."

"அப்ப முனையப் பார்த்துட்டுத் திரும்பி வருவோம்."

"ஃபுசா, நாலு மணிக்குக் கடைய மூடிடுவான். இப்ப மூணு இருபது."

சாலையோரத்தில் நகாசே ஏழு கிலோமீட்டர் என்று பலகை நின்றது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அந்தக் காலண்டர் தாள் அவள் மடியில் விரித்துக் கிடந்தது.

"திருப்பிடு ஃபுசா" என்றாள். "ஆபீஸ்ல அவருக்குத் தலைக்குனிவு வரக் கூடாது."

திருப்பினேன். அத்தானை எத்தனை ஏசினாலும் அன்றைக்கு ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. இறங்குடா என்று அந்த மனிதரை அங்கேயே இறக்கிவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நானும் அந்தத் தங்கப் பட்டை ஜாதிதான்.

மறுபடியும் வரிசையில் நின்று வாங்கி முடித்தபோது முனைக்குப் போக நேரம் மிஞ்சவில்லை. ரயிலில் இரண்டு இனிப்புப் பெட்டிகளையும் அத்தான் அக்கா மடியில்தான் வைத்தார்.

"மார்ச்ல ஓய்வு வந்துடுது. அப்புறம் ஆற அமர வருவோம்."

அக்கா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மார்ச்சில் ஆபீசில் பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, அக்காவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். மே மாதம் அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதே ரயில், அதே வாடகைக்கார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிப் போகிறவளுக்கு அது சுலபமில்லை.

இந்த முறை கோயில் தெருவில் காரை நிறுத்தாமல் முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. அலைகள் பாறையில் மோதிப் பச்சையாக எழும்பின. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்து அத்தானிடம் கொடுத்தாள்.

"என்னங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அத்தான் அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கலங்கரை விளக்கத்தின் உயரம், கட்டிய வருடம், படிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் படித்தார்.

"பலகைய விடுங்க. கடல் எப்படி இருக்கு?"

அவர் கடல் பக்கம் திரும்பினார்.

"பெருசா இருக்கு" என்றார்.

நான் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

"அப்புறம்?"

"அப்புறம்... நீலமா இருக்கு. படத்துல இருக்கிற மாதிரியேதான்."

அவர் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை நீட்டி அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். பிறகு வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

"கிளம்பலாம் வாங்க. நாலு மணிக்குக் கடைய மூடிடுவான். இருபத்தாறு பேருக்கு வாங்கணுமே."

அத்தானுக்கு இப்போது ஆபீஸ் கிடையாது, அங்கே யாரும் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஆனாலும் அவர் கை தானாக மேலே வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.