என் கல்யாணக் கோழிகளும் மீட்டா சோடாவும்

என் நிக்காஹ்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பம்பாய் சீத்தா கேம்ப்பில் எங்கள் சாச்சாவின் கோழிக்கடை வாசலில் நான்கு பெட்டி ஆரஞ்சு கலர் பாட்டில் வந்து இறங்கியது. விருந்தாளிகளுக்கு என்று நினைத்து மகிழ்ந்துபோனோம். வாப்பாவின் தம்பியான சாச்சா அவ்வளவு தாராளமான ஆள் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

விருந்துக்குக் கோழி தன் பொறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார் அவர். சொன்னபடி நூற்றைம்பது பிராய்லர் கோழிகளையும் கூண்டில் இறக்கிவிட்டார். அந்த மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அவை இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் ஏழு செத்துவிட்டன. தானாகச் செத்ததைச் சமைக்க எங்கள் மார்க்கம் இடம் தராது. மிச்சமும் போனால் என் கல்யாணத்தில் பருப்பும் கத்தரிக்காயும்தான். தாராவியிலிருந்து வரப்போகும் மாமியார் அதை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார். நான் அழுதேன். மருதாணிக் கையோடு அழுவது லேசல்ல, கண்ணைத் துடைக்க முடியாது.

சாச்சா கோவண்டியில் இருக்கும் கால்நடை டாக்டருக்கு போன் போட்டிருக்கிறார். கோழிக்கு வியர்க்காது, இரைத்தே சூட்டைத் தணிக்கும், அதில் உடம்பின் உப்புச் சத்துகள் நிலைகுலைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் துளி உப்பும் மீட்டா சோடாவும் கலந்து வை என்று டாக்டர் இந்தியில் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் பம்பாயில் இருந்த சாச்சாவுக்குத் தன் இந்தியைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. மீட்டா என்றால் இனிப்பு. இனிப்புச் சோடா என்றால் எங்கள் கடையநல்லூர்ப் பக்கம் கலர்தானே. வெயிலில் மனிதர் உப்புச் சோடா குடிப்பதில்லையா, கோழிக்கு இனிப்புப் போலிருக்கிறது என்று விளக்கமும் தானே கண்டுபிடித்துக்கொண்டார்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது கோழிகளின் அலகெல்லாம் ஆரஞ்சு நிறம். நுரைக்கு மிரண்டு பாதிக் கோழிகள் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இன்னும் நான்கு செத்திருந்தன. ஈக்கள் மட்டும் குடும்பத்தோடு வந்து விருந்தைத் தொடங்கியிருந்தன. சாச்சா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் மனைவி சாச்சி இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டார்.

“மீட்டா சோடான்னா ஆப்பச் சோடாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க ஆப்பத்துல அதத்தானே போடுதேன்.”

டாக்டரின் இந்தி சரியில்லை என்றார் சாச்சா.

சாச்சி பாத்திரங்களைக் கழுவி, ஐஸ் போட்ட தண்ணீரில் உப்பையும் ஆப்பச் சோடாவையும் மருந்து போல அளந்து கலந்தார். சாச்சா உதவிக்கு ஒரு கை உப்பை அள்ளி வந்தார். கூடினால் உப்பே கொன்றுவிடும் என்று சாச்சி அந்தக் கையைத் தட்டிவிட்டார். ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, எனக்காக வைத்திருந்த டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாளும் மணப்பெண்ணுக்கு வியர்த்தது, கோழிகள் சொகுசாக இருந்தன. அதன்பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. மாமியார் இரண்டாம் தடவை பிரியாணி கேட்டு வாங்கினார்.

என்னை அனுப்பும் நேரத்தில் எல்லோரும் மாப்பிள்ளையிடம் பெண்ணைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சாச்சா மட்டும் அவர் கையைப் பிடித்து, சாச்சிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

“மாப்ளே, ஒரு நாளாவது அடுப்படிக்குள்ள போயி எல்லா டப்பாவையும் திறந்து பாத்துக்கிடுங்க. நான் பாக்கல.”

அவர் தன் தவறை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாப்பிள்ளை பயபக்தியோடு தலையாட்டினார்.

ஒன்பது வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு இன்னும் உப்பு டப்பா எதுவென்று தெரியாது.